முழங்காலுக்குக் கீழே

திபேரியாஸ்,
நிசான் மாதம், பஸ்கா முடிந்த மறுவாரம்

மகா கல்விமான் ரபி தன்ஹூம் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் தோஸ்தாயின் விதவை ஷப்பீரா எழுதுவது.

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதனால் விசாரிக்கவில்லை.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் ஐப்பிராத்து நதியில் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு பழைய கதையையே திரும்ப எழுதுகிறேன். உங்கள் அண்ணன் போன வருடத்துக்கு முந்திய வருடம் புயலில் படகோடு போனார். உடல் மக்தலா கரையில் ஒதுங்கியது. அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. சேதி உங்களுக்கு எட்டும்போது மண் காய்ந்திருக்கும். அதை மன்னித்தாயிற்று.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாமல் செத்தவன் மனைவியை அவன் தம்பி கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்ள மனமில்லையென்றால் மூன்று நியாயாதிபதிகள் முன்னால் நின்று வலது காலை நீட்ட வேண்டும். நான் அந்தக் காலின் செருப்பைக் கழற்றி, உங்கள் முன்னால் தரையில் துப்பி, அண்ணன் வீட்டைக் கட்ட மனசில்லாதவன் இவன் என்று சொல்ல வேண்டும். அதோடு எனக்கு விடுதலை. அதுவரை நான் யாரையும் கட்ட முடியாது. தோஸ்தாய்க்கு நீங்கள் ஒருவர்தான் தம்பி. பாபிலோனுக்குச் சட்டம் படிக்கப் போனவருக்கு மீன் உப்புக்கண்டம் போடுகிறவள் சட்டம் சொல்லித் தருகிறேன், வெட்கக்கேடு!

யூதான் என்று ஒருவர் இருக்கிறார். வலை வியாபாரம். மனைவி செத்துப்போய் இரண்டு பெண் குழந்தைகளோடு தவிக்கிறார். என்னைக் கேட்டார், நான் சரி என்றேன். இன்னும் ஆறு மாதம், கூடாரப் பண்டிகை வரை பொறுப்பேன், அதற்கு மேல் குழந்தைகளுக்கு ஒரு தாய் வேண்டும் என்கிறார். நியாயம்தானே?

உங்கள் அம்மாவுக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது. நேற்று உப்புத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏன்டி, அவனுக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இருந்தா நடந்து வர வேண்டியதுதானே?"

நானும் அதையேதான் கேட்கிறேன். முன்பு உங்களை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். இப்போது மரியாதையாக எழுதுகிறேன். அந்த மரியாதைக்காகவாவது வந்து சேருங்கள். துப்புவதற்கு எச்சில் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஷப்பீரா


சூரா, வாய்க்கால்கரை,
ஐயார் மாதக் கடைசி

அன்புள்ள அண்ணிக்கு, தன்ஹூம் எழுதுவது.

மூன்று கடிதங்களும் கிடைத்தன. நதியைக் குறை சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் முறை ஒன்று இருக்கிறது. செருப்பு கழற்றும் காரியத்தில் பெண்தான் கொழுந்தன் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். கலிலேயாவில் உங்கள் பெரியவர்களும் இதையே சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். ஆகவே நான் அங்கே வரவேண்டியதில்லை. நீங்கள் இங்கே வரவேண்டும். நான் சௌகரியம் பார்த்துச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

பயணத்துக்கு இது நல்ல காலம். பட்டு வியாபாரி மக்காய் எலூல் மாதம் பிறந்ததும் அங்கிருந்து இங்கே கிளம்புவார். அவர் கூட்டத்தில் குடும்பப் பெண்களும் வருவார்கள். தள்ளிப் போடாதீர்கள் அண்ணி. மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள். முடிந்தால் அதற்கும் முன்னால்.

இங்கே படிப்பு மும்முரமாக நடக்கிறது. நான் இப்போதெல்லாம் படிப்பு மண்டபத்துக்கு அதிகம் போவதில்லை, அவர்களே என் அறைக்கு வருகிறார்கள். வாய்க்காலில் இறைவை ஏற்றம் இரவும் பகலும் கிறீச்சிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் பூஞ்சை பிடித்த ரொட்டியைப் புளித்த பாலில் ஊறவைத்து எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்கிறார்கள். வரும்போது மக்தலா உப்பு மீன் ஒரு சாடி கொண்டுவந்தால் புண்ணியம்.

அம்மாவிடம் எனக்குக் கால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

யூதான் என்பவரை எனக்குத் தெரியாது. நல்லவராக இருக்கட்டும்.

தன்ஹூம்


திபேரியாஸ்,
தம்மூஸ் மாதம், நோன்பு நாளுக்கு மறுநாள்

ரபி அவர்களுக்கு,

கேட்டுப் பார்த்தேன். நீங்கள் கேட்கச் சொன்னீர்களே!

மூன்று பெரியவர்களும் சபை வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். "ஆமாம்மா, நீதான் போகணும். அதான் முறை" என்றார் நடுவில் இருந்தவர். "எவ்வளவு தூரம் வரைக்கும் போகணும்?" என்றேன். "தூரத்துக்குக் கணக்கு கிடையாது. இங்கேருந்து செப்போரிஸ்னாலும் போகணும்." செப்போரிஸுக்குக் காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரலாம். நான் கத்திவிட்டேன். "ஐயா, பாபிலோனும் செப்போரிஸும் ஒண்ணா? நடுவுல ரெண்டு ராஜா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க!" அவர் தாடியை உருவிக்கொண்டு, "ராஜாக்களப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லலியே" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

உங்கள் அம்மாவை யார் பார்ப்பது? அவருக்கு ரொட்டியைப் பிட்டுக் கையில் வைக்க வேண்டும். உப்புத் தொட்டிகளை யார் பார்ப்பது? தண்ணீரில் போனவரின் மற்ற படகை நான்தான் வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறேன். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வா என்கிறீர்கள்.

உட்கார்ந்த இடம் என்பதும் சரியில்லை. போன வாரம் மக்காயின் தம்பி வந்திருந்தான். "உங்க கொழுந்தனாரப் பார்த்தேன். ஏயப்பா, என்ன மரியாதை! நாலு பேரு நாற்காலியில தூக்கிக்கிட்டுப் போறாங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி" என்றான். இங்கே இருந்தபோது படகில் தண்ணீர் இறைத்த மனிதர்! அங்கே தரையில் கால் படாமல் போகிறீர்கள். கால் அவ்வளவு உசத்தியாகிவிட்டதா? ஒரு செருப்புக்கு நீட்டக்கூட முடியாத அளவுக்கா?

நான் வரமாட்டேன். நீங்கள்தான் வர வேண்டும். பண்டிகைக்குள் வராவிட்டால் யூதான் வேறு இடம் பார்ப்பார். அந்தப் பாவம் உங்களைச் சேரும்.

நாற்காலியிலேயே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஷப்பீரா


சூரா,
ஆப் மாதம், நடுவில்

அண்ணி,

மறைத்தது தப்பு. எழுதிவிடுகிறேன்.

என் வலது கால் அழுகிக்கொண்டிருக்கிறது.

போன மழைக்காலத்தில் வாய்க்காலில் இறங்கியபோது முள் ஏறியது. ஒரு முள்தானே என்று விட்டேன். கட்டைவிரல் கறுத்தது. வைத்தியர் அதை எடுத்தார். பிறகு பாதம் வீங்கியது. இப்போது கணுக்கால்வரை நிறம் மாறிவிட்டது. நாற்காலி அதனால்தான் அண்ணி. கல்யாணப் பெண்ணை யாரும் இவ்வளவு மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கமாட்டார்கள்.

வைத்தியர் சிரியாக்காரர், வாய் கொஞ்சம் துடுக்கு. காலை எடுத்தாக வேண்டும் என்கிறார். கணுக்காலில் எடுத்தால் நிற்காது, முழங்காலுக்கு மேலே போக வேண்டும் என்கிறார். சங்கடம் அங்கேதான். முழங்காலுக்குக் கீழே எவ்வளவு மிச்சமிருந்தாலும் செருப்பைக் கட்டி அவிழ்க்கலாம், செல்லும். முழங்காலுக்கு மேலே போய்விட்டால் செல்லாது. பிறகு எந்தச் சபையும் உங்களை அந்த வழியில் விடுவிக்க முடியாது. அதனால் நாளை, நாளை என்று வைத்தியரைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். அவர் நேற்று கத்தினார்: "ஓய், இது யாரு காலு? உம்மதா, உம்ம அண்ணியோடதா?"

சேதி தெரிந்ததும் படிப்பு மண்டபமே என் அறைக்கு வந்துவிட்டது. என் காலைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வாரம் வாதம்.

"மண்டி போட்டு முழங்காலுக்கே செருப்பு மாட்டுனா ஆகாதா?"

"முழங்காலுக்கு எவன்யா செருப்பு தைப்பான்?"

"இடது காலு நல்லாத்தானே இருக்கு?"

"இடது காலு செல்லாது. அந்தக் காலத்துல ஒருத்தர் மட்டும் செல்லும்னாரு. அவரு பேச்ச அன்னைக்கே யாரும் கேக்கல."

"அந்தப் பொண்ணு வெட்டறதுக்கு முன்னாடியே வந்துட்டா?"

"வந்துட்டாத்தான் கேள்வியே இல்லையே. அப்புறம் நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

நானும் வாதத்தில் கலந்துகொண்டேன், வெட்கமில்லாமல். நல்ல வாதம்தான். அவர்கள் எழுந்து போகும்போதுதான் உறைத்தது: வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது கால் நன்றாக இருந்தது. கிளம்பியிருக்கலாம். அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த பாடமே அண்ணன்மார் விதவைகளைப் பற்றியதுதான். அதைப் பாதியில் விட்டுவர மனம் வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு முகமில்லை.

இப்போது ஒன்றே ஒன்று. மக்காயோடு உடனே கிளம்புங்கள். காலை உங்களுக்காக வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகு வைத்தியர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

வரும் முன்பே நான் போய்விட்டாலும் கவலை வேண்டாம். வேறு தம்பி இல்லாததால் அந்த நிமிஷமே நீங்கள் சுதந்திரம். செருப்பும் தேவையில்லை, பயணமும் தேவையில்லை. இரண்டு விதத்திலும் உங்களுக்கு நன்மைதான். இதை நான் நிதானமாக யோசித்தே எழுதுகிறேன்.

தன்ஹூம்


திபேரியாஸ்,
எலூல் மாதம், பிறை கண்ட அன்று

டேய் தன்ஹூம்,

வெட்டச் சொல்.

இந்தக் கடிதத்தைக் கீழே வைப்பதற்கு முன்னால் வைத்தியரைக் கூப்பிடு. அவர் எங்கே சொல்கிறாரோ அங்கே. முழங்காலுக்கு மேலே என்றால் மேலே. இடுப்புவரை என்றாலும் சரி. எனக்காக ஒரு விரல்கூட மிச்சம் வைக்காதே. நிதானமாக யோசித்தானாம்! உன் நிதானத்தில் இடி விழ.

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நீதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாய், நீயே படித்துக்கொள். கல்யாணமாகி வந்த வருஷம், படகுத் துறையில், மீன் செதிளை மணலில் அடுக்கி எழுத்து காட்டினாயே. அப்போதெல்லாம் உனக்கு மூளை இருந்தது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு யூதானிடம் போனேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, குரல்கூட உயர்த்தவில்லை. "பாவம்" என்றார். பிறகு, "நீ எதுக்கு அவ்வளவு தூரம் போயி அலையணும் ஷப்பீரா? பண்டிகை வரைக்கும் பொறு. அந்தக் காலே முடிவு சொல்லிடும். அப்புறம் நம்ம கல்யாணத்துக்கு யாரு குறுக்க நிக்கப் போறா?" என்றார்.

பெரியவள் மடியில் நூல் கண்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைகளை எனக்குப் பிடிக்கும். என்றாலும் எழுந்துவிட்டேன். "உங்க குழந்தைங்களுக்கு நல்ல அம்மா கிடைக்கட்டும். அது நானில்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று பின்னாலேயே வந்தார்.

அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை தன்ஹூம். அதே கணக்கு உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான், ஆனாலும் வந்தது. அவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. ஒருத்தன் எப்போது சாவான் என்று வழி பார்த்துக்கொண்டு மீனுக்கு உப்பு போடவா? எனக்கு அப்படிப்பட்ட சுதந்திரம் வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னேன். தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "காலு இருக்கான்னு கேட்டேனே, நான் வாய வச்சேனே." பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

நான் கிளம்புகிறேன். படகையும் தொட்டிகளையும் பக்கத்து வீட்டு மார்த்தாளிடம் விட்டாயிற்று. சபை வாசலில் நடுப் பெரியவர், "காலு போயிடுச்சுன்னா எதுக்கும்மா போற?" என்றார். "முறை அதானே ஐயா, நான்தானே போகணும்" என்றேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மக்காயின் தம்பி வேகமான ஒட்டகத்தில் முன்னால் போகிறான். கடிதம் அவனோடு வரும். நாங்கள் தமஸ்கு, நிசிபிஸ் வழியாக மெதுவாக வருவோம். நிசிபிஸில் யூதர் சத்திரத்தில் விசாரிப்பேன். நீ இருக்கிறாய் என்று அங்கே எனக்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

ஷப்பீரா


சூரா,
திஷ்ரி மாதம், கூடாரப் பண்டிகை முடிந்து

நிசிபிஸ், யூதர் சத்திரம், திபேரியாஸ் ஷப்பீராவுக்கு.

அண்ணி என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இப்போது என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

இருக்கிறேன்.

கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சலில் நினைவு தப்பித் தப்பி வந்தது. வாசித்துக் காட்டியவர் என் படிப்புத் தோழர் யெமார். முதல் வரியைப் படித்ததும் அவர் கடிதத்தைத் தாழ்த்தி வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார். வைத்தியர் கதவருகில் நின்றிருந்தார். "அந்தம்மாவே சொல்லிட்டாங்கல்ல? இனிமே என்ன வாதம்?" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். முழங்காலுக்கு மேலே, ஒரு சாண். அறுக்கும்போது நான் கத்தியது வாய்க்காலின் அந்தக் கரைவரை கேட்டதாம். அடுத்த ஓய்வுநாளில்தான் கண் விழித்தேன். பசித்தது. பூஞ்சை ரொட்டிகூட ருசித்தது.

போன காலை முறைப்படி அடக்கம் செய்துவிட்டார்கள். அதற்கும் ஒரு வாதம் நடந்ததாம். நல்லவேளை நான் கேட்கவில்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். செருப்பு வழி அடைந்துவிட்டது. பெரியவர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே வழி: நான் உங்களை மணம் செய்ய வேண்டும். உண்மையான மணம், பெயருக்கு அல்ல. அதற்குப் பிறகு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் நீங்கள் எல்லோரையும்போல விவாகரத்தான பெண், யாரையும் கட்டலாம். மறுநாளே எழுதித் தருகிறேன். சாட்சிக்கு இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். படகும் தொட்டிகளும் உங்களுடையவை, அண்ணன் சொத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டை நான்கு நாட்களாக எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். சட்டத்தில் ஓட்டை ஏதும் இல்லை. ஆனாலும் படுத்தால் தூக்கம் இல்லை, உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. இல்லாத கால் அரிக்கிறது. ஏற்றம் கிறீச்சிடும்போதெல்லாம் வண்டிச் சத்தமோ என்று தலையைத் தூக்குகிறேன். அந்த மறுநாளை நினைத்தால் பயமாக இருக்கிறது. அறுக்கும்போது இருந்ததைவிட அதிகப் பயம். இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு முறை எழுதுகோலைக் கீழே வைத்தேன். எழுதிவிட்டேன்.

நீங்கள் எதற்கும் கட்டுப்பட்டவர் இல்லை. திரும்பிப் போக வேண்டுமென்றால் திரும்பிப் போங்கள். நான் பிழைத்துக்கொண்டதுதான் உங்களுக்குக் கேடு.

தன்ஹூம்


நிசிபிஸ், யூதர் சத்திரம்,
மார்கெஷ்வான் மாதம், முதல் மழை பெய்த அன்று

தன்ஹூமுக்கு,

சத்திரக்காரர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்ததும் நான் பிரிக்கவில்லை. வெளியே உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும். அங்கேயே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அம்மா, "என்னடி, என்னடி" என்று என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஆமாம், அம்மாவும் வந்திருக்கிறார். முன்னமே எழுதியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். கழுதைமேல் உட்காரவைத்துக் கட்டிக் கூட்டிவருகிறேன். வழியெல்லாம் எந்த ஊர், எந்த ஊர் என்று நச்சரிக்கிறார். ஒரு காலோடு இருக்கிறான் என்று சொன்னதும், "அது போதும், அவன் ரெண்ட வச்சுக்கிட்டு என்ன கிழிச்சான்?" என்றார். சொல்லிவிட்டு விசும்பினார்.

உன் சட்டத்தைப் படித்தேன். புரிந்தது. ஓட்டை இல்லைதான். அந்த இரண்டு சாட்சிகளையும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகச் சொல். மறுநாளைப் பற்றி நீயே முடிவெடுக்க நீ யார்? முதலில் நான் வருகிறேன். நேரில் நன்றாகச் சண்டை போட வேண்டும், பாக்கி நிறைய இருக்கிறது. அண்ணன் அடக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். அதெல்லாம் முடிந்த பிறகு மறுநாள் வந்தால் வரட்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று எழுதினால் பொய்.

இன்னொன்று. சடங்குக்கென்று திபேரியாஸிலேயே வலது காலுக்கு ஒரு புதுச் செருப்பு தைக்கச் சொல்லி, நீளமான வார் வைத்து, மூட்டையில் கொண்டுவந்திருந்தேன். கால் தப்பித்துவிடும் என்று ஒரு நப்பாசை. இன்று மழை விட்டதும் சந்தையில் ஒரு செருப்புக்காரனிடம் அதைக் கொடுத்தேன். "இதக் குடுத்துட்டு இடது காலுக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றேன். அவன் என்னையும் பார்த்தான், செருப்பையும் பார்த்தான். "ஒத்தச் செருப்பு வாங்கிட்டுப் போயி என்னம்மா பண்ணுவ?"

என்ன பண்ணுவேன்? இடது கால் செருப்புக்கு எந்தச் சபையிலும் வேலை இல்லை. அதைக் கழற்றி யாரும் யாரையும் விட்டுப்போக முடியாது. நடக்க மட்டும்தான் ஆகும்.

நல்ல தடித்த தோலாகப் பார்த்து எடுத்தேன். உப்பு மீன் சாடியும் உடையாமல் இருக்கிறது.

ஷப்பீரா